தலை மட்டும்

அரைக்கதவுக்குக் கீழே அவளுடைய பாதங்கள் தெரிந்தன. ரப்பர் செருப்பு, மேலே வெளுத்துப்போன சுடிதார் ஓரம். வந்து நின்று கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். கதவைத் தட்டவில்லை. தட்டினால் ‘இப்ப முடியாது, அப்புறம் வா’ என்று ஒரே வரியில் துரத்திவிடலாம், அதற்கு இடம் கொடுக்கக் கூடாதென்றுதான் தட்டாமல் நிற்கிறாள் என்று அம்பலவாணனுக்குத் தோன்றியது. நிற்கட்டும். கால் வலித்தால் மாற்றி மாற்றி நிற்கட்டும். மேஜைமேல் கிடந்த பழைய ஆய்விதழைத் திறந்து படிக்கிறவர் மாதிரி ஒரு பக்கத்தைப் புரட்டினார். எழுத்து ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. மின்விசிறி வெந்த காற்றையே திரும்பத் திரும்ப அள்ளி அவர் வழுக்கையில் கொட்டிக்கொண்டிருந்தது. இந்த அறையில் ஏ.சி. இருந்தது. சித்திரை பிறந்ததும் ரோஸ்லின் ஆள் விட்டுக் கழற்றி, ஆராய்ச்சி ஈக்களை வளர்க்கிற ஈ அறைக்குக் கொண்டுபோய்விட்டாள். ‘ஈக்களுக்கு வேணும் சார், சூடு தாங்காது.’ துறைத்தலைவி சொல்லிவிட்டால் ஆயிற்று. ஈ தாங்காது, அம்பலவாணன் தாங்குவார். ஓய்வுபெற்ற மனுஷனுக்கு ஒரு நாற்காலியை விட்டுவைத்ததே பெரிசு, வாசலில் ‘கௌரவப் பேராசிரியர்’ என்று ஒரு பலகை வேறு, கௌரவம் என்று எழுதி மாட்ட வேண்டியிருக்கிறது என்றாலே அது போய்விட்டது என்றுதானே அர்த்தம். இந்த ரோஸ்லினுக்கு ஈயைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். எது ஆண், எது பெண் என்று தெரியாமல் நுண்ணோக்கி முன்னால் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். இன்றைக்கு அவளுக்கு ஒரு மாணவி, அந்த மாணவிக்கு ரப்பர் செருப்பு, அந்தச் செருப்பு வந்து அவர் வாசலில் நிற்கிறது.

காலையில் படிக்கட்டில் ரோஸ்லின் எதிரே வந்தாள். “உலகம்மாள் உங்களைப் பார்க்கணும்கிறா சார். அவ வேலை முடிஞ்சிருச்சு. கட்டுரை வெளிய போறதுக்கு முன்னால நீங்க முதல்ல பார்க்கணும்னு நான்தான் சொன்னேன்.” என்ன வந்தது என்று கேட்டார். “அவளே சொல்லட்டும் சார்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அந்தக் குரலில் சந்தோஷம் இல்லை. இருந்திருந்தால் சமாளித்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் டாக்டர் பேசுகிற மாதிரி ஒரு குரல், பக்குவமாக, மெதுவாக. அதிலேயே அவருக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதிப் பாதியைக் காலையிலிருந்து யோசிக்காமல் தள்ளிக்கொண்டிருந்தார். உலகம்மாள். பேரைப் பார். பாவூர்சத்திரத்துப் பக்கம், அப்பன் கமிஷன் கடையில் வெங்காய மூட்டைக்கு விலை கூவுகிறவன், இவள் முதல் நாள் இந்த அறைக்குள் வந்தபோது உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள், அதுதான் அவரால் பொறுக்க முடியாதது. ‘இது தப்பு’ என்றால் ‘சரி சார்’ என்பாள். போய்த் திரும்பவும் செய்வாள். திரும்பவும் அதையே கொண்டுவருவாள். மறுபடி ‘தப்பு’ என்றால் மறுபடி ‘சரி சார்’. சண்டைக்கு வருகிற ஆளை அடக்கிவிடலாம், எத்தனையோ பேரை அடக்கியிருக்கிறார், இது தண்ணீர் ஒழுகுகிற மாதிரி. எங்கே ஓட்டை என்றே தெரியாது, காலையில் பார்த்தால் சுவரெல்லாம் ஈரமாக இருக்கும்.

தள்ளாடி அவருடையது. அதை யாரும் மறுக்க முடியாது. அந்த ஈயைக் கண்டுபிடித்தது அவர், பேர் வைத்தது அவர், எந்த ஜீன் கெட்டுப்போய் அது விழுகிறது என்று தேடிப்பிடித்து அதன் டி.என்.ஏ. வரிசையைப் படித்துச் சொன்னதும் அவர். கரண்ட் போன மத்தியானம் அது. பழைய கட்டிடம், ஜெனரேட்டர் இல்லை, அறை அடுப்பு மாதிரி ஆகிவிட்டது, எல்லாக் குப்பிகளிலும் ஈக்கள் சுறுசுறுவென்று அலைந்துகொண்டிருந்தபோது ஒரே ஒரு குப்பியில் மட்டும் மொத்த ஈயும் அடியில் விழுந்து கிடந்தது. செத்துப்போச்சு என்று கொட்டப்போனவர் எதற்கோ அதை ஈரத்துணியில் சுற்றி வைத்தார். ஏன் வைத்தார்? யோசித்துச் செய்ததில்லை, கை செய்தது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக எழுந்து, குடித்தவன் மாதிரி ரெண்டு அடி வைத்து, சுவரைப் பிடித்து ஏறியது. சூடு பட்டால் விழும், ஆறினால் எழும். அவர் வராந்தாவில் ஓடியிருக்கிறார், கத்தியிருக்கிறார், இப்போது இந்த வராந்தாவில் கத்தினால் வாட்ச்மேன் வருவான். தள்ளாடி என்று பேர் வைத்தார். வெளிநாட்டுக் கூட்டத்தில் ஒரு வெள்ளைக்காரர் மேடையேறி ‘டலாடி, டலாடி’ என்று நாக்குச் சுளுக்கிக்கொண்டதும் அரங்கமே சிரித்துக் கைதட்டியது. பட்டம் மாதிரி அந்தப் பேர் அவர்மேலேயும் ஒட்டிக்கொண்டது. பையன்கள் முதுகுக்குப் பின்னால் ‘தள்ளாடி வர்றார்’ என்பது அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடந்துபோவார். உள்ளுக்குள் கொஞ்சம் பிடித்துக்கூட இருந்தது. இப்போது முட்டி தேய்ந்தபிறகு அதே பேர் வேறு மாதிரி கேட்கிறது.

கைபேசி அதிர்ந்தது. சௌந்தரம். “சாப்பிட வர்றீங்களா இல்லியா? ரசம் ஆறிப் பச்சைத்தண்ணியாக் கிடக்கு.” வெளியே கேட்கட்டும் என்று அவர் குரலை உயர்த்தினார். “முக்கியமான மீட்டிங்ல இருக்கேன். நாலு பேர் வந்திருக்காங்க. அப்புறம் பேசறேன்.” “எந்த மீட்டிங்? யார் வந்திருக்கா?” என்றாள் சௌந்தரம். “குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?” வை என்று சொல்லிவிட்டு வைத்தார். கதவுக்குக் கீழே பாதங்கள் அசையவில்லை. உள்ளே யாரும் இல்லையென்று அவளுக்குத் தெரியும். காலையிலிருந்து யாரும் வரவில்லையென்று இந்தக் கட்டிடத்துக்கே தெரியும். சிரிக்கிறாளோ? பாதத்தைப் பார்த்து முகம் கண்டுபிடிக்க முடியவில்லை. சிரிக்கட்டும். இன்னும் அவள் ஆய்வுக்குழுவில் அவர் பேர் இருக்கிறது, அதை ரோஸ்லினால் கழற்றி ஈ அறைக்குக் கொண்டுபோக முடியாது. கூட்டத்தில் ஒரு கேள்வி போதும். ‘ஈக் குப்பியை இறக்குகிற வெந்நீரின் சூடு எல்லாக் குப்பிக்கும் ஒன்றுதானா?’ திரும்பச் செய். ‘ஈயின் வயது?’ திரும்பச் செய். ‘எந்த வெப்பத்தில் வளர்ந்தது?’ இதிலேயே ஒரு வருஷத்தை இழுத்துவிடலாம், உதவித்தொகை நின்றுபோகும், வெங்காயக் கடையில் கல்யாணப் பேச்சு எடுப்பார்கள், இழுத்து இழுத்து எத்தனை பேர் மூட்டை கட்டியிருக்கிறார்கள். அது கொடூரமில்லை. அவரையும் இப்படித்தான் இழுத்தார்கள். அறிவியலில் சந்தேகப்படுவது கடமை. கடமை என்று நினைத்ததும் வாயில் கசந்தது, மாத்திரை போட மறந்துவிட்டோமோ என்று சட்டைப்பையைத் தடவினார்.

என்ன கொண்டுவந்திருப்பாள் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரியாத மாதிரி உட்கார்ந்திருப்பதுதான் இப்போதைய வேலை. தள்ளாடி ஜீன் ஒரு நொதியை உண்டாக்குகிறது. செல்லுக்கு வெளியிலிருந்து வரும் சேதியைக் கேட்டு, பக்கத்துப் புரதத்தின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி அதைத் தட்டி எழுப்புகிற நொதி. அந்த நொதி மூளையில் மட்டும் வேலை செய்கிறது என்று அவர் எழுதினார். மட்டும். அந்தச் சொல்லைப் போடாமல் விட்டிருந்தால்? மூளையில் வேலை செய்கிறது என்று நிறுத்தியிருந்தால் இன்றைக்கு எவளும் வாசலில் வந்து நிற்கமாட்டாள். மட்டும். கை எழுதிவிட்டது. ஈரத்துணியில் சுற்றிய அதே கை. ஆனால் வேறு எப்படி எழுதுவது, தலையில் தேடினார், தலையில் கிடைத்தது. ஈக்களை உறைய வைத்துப் பலமாகக் குலுக்கினால் கடுகு தெறிக்கிற மாதிரி தலைகள் உடம்பிலிருந்து கழன்றுகொள்ளும். சல்லடையில் போட்டுத் தட்டினால் தலை கீழே விழும், உடம்பு மேலே தங்கும். விழுந்த தலைகளைக் கரண்டியால் அள்ளிக் கூழாக அரைப்பார்கள். உடம்பை? உடம்பைக் கொட்டிவிடுவார்கள். மூடை மூடையாகக் கொட்டியிருக்கிறார். அந்தக் காலத்தில் எல்லாருமே கொட்டினார்கள். விழுவது மூளையின் கோளாறு என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சல்லடைமேல் கிடந்த அந்தத் தலையில்லாத உடம்புகளை, ஆறு கால்களை மடக்கிக்கொண்டு எள்ளு மாதிரி குவிந்து கிடந்தவற்றை, ஒருநாள், ஒரே ஒரு நாள், எடுத்து அரைத்துப் பார்க்க யாராவது அவரிடம் சொன்னார்களா? யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா? இந்த இடத்தில் வந்ததும் நினைப்பு, முள்ளில் மாட்டிய வேட்டி மாதிரி நின்றுவிட்டது. பிய்த்துக்கொண்டு வேறு பக்கம் போனார். ரோஸ்லின். அவள்தான் சரியான ஜீனைத் திரும்ப ஈக்குள் வைக்கிற வேலையைச் செய்தாள். கெட்டுப்போன ஜீன் உள்ள ஈயின் முட்டையில் நல்ல ஜீனை ஊசியால் ஏற்றினால், அதன் வாரிசுகள் விழாமல் நடக்க வேண்டும். நடந்தால் வேலை முழுமை. நடக்கவில்லை. மாதக்கணக்கில் ஊசி போட்டாள், பிறந்ததெல்லாம் வெந்நீரில் வைத்ததும் பொத்து பொத்தென்று விழுந்தன. ‘கை சுத்தமில்லாதவளெல்லாம் ஊசியைத் தொடக் கூடாது’ என்று எல்லாரும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் சொன்னார். அழவில்லை அவள். அழுதிருந்தால் மறந்திருப்பார். கை சுத்தமில்லைதான். இன்னும் அதைத்தான் சொல்வார்.

“உள்ள வா” என்றார். தனக்கே கேட்காத குரலில் சொன்னதாக நினைத்தார். ஆனால் கதவு உடனே திறந்தது.

அவள் கையில் ஒன்றுமில்லை. மடிக்கணினி, தாள், எதுவும். அது அவரை முதலில் தடுமாற வைத்தது. “ரிசல்ட் படமெல்லாம் எங்க?”

“இருக்கு சார். அதுக்கு முன்னால நீங்க ஈயைப் பாத்துட்டா நல்லது.”

“யாருக்கு நல்லது?”

அவள் நெற்றியோரத்தில் வியர்வை இறங்கியது. துடைக்கவில்லை.

“என்ன வந்துச்சுன்னு வாயால சொல்லு. அப்புறம் பாக்கலாம்.”

“தள்ளாடி ஜீன்லேருந்து வர்ற நொதிக்கு ரெண்டு வடிவம் இருக்கு சார். சின்னது தலையில. அது நீங்க எடுத்தது, அது அப்படியே சரியா இருக்கு. இன்னொண்ணு கொஞ்சம் நீளம். அது உடம்புல இருக்கு. தசையில.”

“சல்லடை கிழிஞ்சிருக்கும். தலையும் உடம்பும் கலந்திருக்கும்.”

“சல்லடை போடலை சார். மைக்ராஸ்கோப்புல வச்சு ஒவ்வொண்ணா கையால வெட்டினேன். தொடைத் தசையை மட்டும் எடுத்தேன்.”

மட்டும். அவள் வாயில் அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக உட்கார்ந்தது.

“சரி. சின்னதைத் திருப்பி வச்சா?”

“விழுது சார்.”

“அப்ப ஊசி சரியில்ல. இது புதுசில்ல, உங்க மேடம் காலத்துக் கதை.”

“மேடம் போட்ட ஊசி சரியாத்தான் சார் இருக்கு.” இதைச் சொல்லும்போதுதான் அவள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். “அந்த ஈ இன்னும் இருக்கு. மேடம் இத்தனை வருஷமும் குப்பி மாத்தி மாத்தி வளத்துட்டு இருக்காங்க. நான் அதையும் எடுத்துப் பாத்தேன். ஜீன் உள்ள முழுசா உக்காந்திருக்கு, தலையில வேலையும் செய்யுது. மேடம் வச்சதும் அந்தச் சின்ன வடிவம்தான், அதால விழறதை நிறுத்த முடியாது சார், அவ்வளவுதான். யார் போட்டிருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும்.”

அம்பலவாணன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ரோஸ்லின் வளர்த்துக்கொண்டிருந்தாளா? ஒரு குப்பியில் ஈ நிறைந்ததும் புதுக்குப்பிக்குத் தட்டி மாற்ற வேண்டும், விட்டால் பூஞ்சை பிடித்துச் செத்துவிடும், லீவு கிடையாது, பண்டிகை கிடையாது, கல்யாணத்துக்குப் போனாலும் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவள் கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தன, வெளிநாடு போய் வந்தாள். அத்தனைக்கும் நடுவில் யாருக்கும் வேண்டாத, வெந்நீரில் வைத்தால் விழுகிற ஒரு ஈயை, அவர் கண்ணெதிரே, அவருடைய ஈ அறையிலேயே, தலைமுறை தலைமுறையாக உயிரோடு வைத்திருந்திருக்கிறாள். அவர் தினமும் அந்த அலமாரியைத் தாண்டி நடந்திருப்பார். ‘குட்மார்னிங் சார்’ என்றிருப்பாள். அவர் அவளைப் பதவி உயர்வுக்குப் பரிந்துரை செய்திருக்கிறார், அவள் வீட்டு விருந்தில் பாயசம் குடித்திருக்கிறார். பாயசம் குடிக்கும்போதும் அந்தக் குப்பி இருந்தது. கோபம் என்று ஒன்று வந்தால் தேவலை. வந்தது பயம். ஒருத்தி இத்தனை காலம் இப்படிக் காத்திருக்க முடியுமென்றால், இந்தக் கட்டிடத்தில் வேறு எந்தெந்த அலமாரியில் என்னென்ன உயிரோடு இருக்கிறது? எழுந்தார். முட்டி மடங்கிக்கொண்டது. உலகம்மாள் கை நீட்டினாள். “தொடாத” என்றார்.

ஈ அறைக்குள் நுழைந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. அவருடைய ஏ.சி., ஜன்னலுக்கு மேலே, புதுச் சிமெண்டுப் பூச்சுக்குள் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தது. மக்காச்சோள மாவும் வெல்லமும் ஈஸ்ட்டும் சேர்ந்து புளித்த அந்த வாடை. சௌந்தரம் அவர் சட்டைகளை வேறு வாளியில்தான் ஊறவைப்பாள், கல்யாணமான புதிதில் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், பிறகு சிரிப்பதை விட்டுவிட்டாள். உலகம்மாள் வெந்நீர்த் தொட்டியின் மூடியைத் திறந்தாள். அவர் வெப்பமானியைத் தானே எடுத்துச் செருகிப் பார்த்தார். சரியாக இருந்தது. வேறு வெப்பமானி கேட்டார். அதுவும் சரியாக இருந்தது. முதலில் பழைய தள்ளாடியை வைத்தாள். குப்பிக்குள் ஈக்கள் ஏறின, தயங்கின, கால்கள் இழுத்துக்கொண்டன, ஒன்று விழுந்தது, பிறகு மழை மாதிரி எல்லாம். அவருக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. என் ஈ. உலகத்தில் எந்தெந்தத் தேசத்திலெல்லாமோ சோதனைச்சாலைகளில் இதே மாதிரி விழுந்துகொண்டிருக்கிற என் ஈ. அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார். அவள் அதை எடுத்துவிட்டு அடுத்த குப்பியை இறக்கினாள். “இது நீள வடிவம் சார். தசையில மட்டும் வேலை செய்யற மாதிரி வச்சிருக்கேன். மூளையில ஒண்ணும் கிடையாது.”

ஏறின. ஒரு ஈ கண்ணாடிச் சுவரில் பாதி உயரத்தில் நின்றது. விழு, என்றார் அவர் மனசுக்குள். விழுந்துதொலை. அது பின்னங்கால்களால் சிறகை நிதானமாக நீவிவிட்டது, இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை, கல்யாணத்துக்குப் புறப்படுகிறவன் வேட்டி மடிப்பைச் சரிசெய்கிற மாதிரி. பிறகு மேலே போனது. எல்லாம் பஞ்சடைப்பின் அடியில் போய்க் கூடின, சூடான காற்றில் சும்மா நடந்தன. ஒன்றுகூட அடியில் இல்லை. அவர் குனிந்து அடியைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். அந்த ஒரு ஈயை அவர் தம் வாழ்நாளில் எந்த மனுஷனையும் வெறுக்காத அளவுக்கு வெறுத்தார். என்ன செய்கிறோம் என்று தெரிவதற்குள் குப்பியை வெளியே எடுத்து, பஞ்சைப் பிடுங்கி, ஓரமாக வைத்திருந்த ஸ்பிரிட் பாட்டிலின் புனலில் கவிழ்த்து, வேண்டாத ஈக்களைக் கொட்டுகிற அந்தப் பாட்டிலில், தட்டினார். தட்டித் தட்டிக் காலி செய்தார். ஈக்கள் சாராயத்தில் விழுந்து, கொஞ்சம் நீந்தி, மூழ்கின.

அவர் அவளைப் பார்க்கவில்லை. அழுவாள் என்று நினைத்தார். இல்லை, கத்துவாள், ரோஸ்லினைக் கூப்பிடுவாள், வராந்தாவில் ஆள் கூடும், கௌரவப் பேராசிரியர் மாணவியின் ஈயைக் கொன்றுவிட்டார் என்பார்கள். சொல்லட்டும், எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாம், அந்தப் பலகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டில் ஆறின ரசத்தைக் குடிக்கலாம். அவள் பக்கத்து அலமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. இன்னொரு குப்பியைக் கொண்டுவந்து, அவர் கையைத் தொடாமல், மேஜையில் அவர் எதிரே வைத்தாள்.

“இதையும் பாருங்க சார். இது தனியாப் போட்ட ஊசி. வேற வம்சம்.”

குரல் லேசாக நடுங்கியது. அவ்வளவுதான். அவர் அந்தக் குப்பியைக் கையில் எடுத்தார். வெந்நீரில் தாமே இறக்கினார், தாமே பிடித்துக்கொண்டிருந்தார், விரல் நுனி சுட்டது. ஈக்கள் ஏறின. அவர் பிடியை விடவில்லை. கேள்வி ஒன்று வேண்டும், ஒரே ஒரு கேள்வி, இவள் போடாத ஒரு சோதனை. வயது? அவள் எல்லாவற்றையும் ஒரே நாளில் பிறந்ததாகத்தான் எடுத்திருப்பாள். மூளையில் கொஞ்சம் கசிந்து வேலை செய்திருந்தால்? அதையும் பார்த்திருப்பாள். கேட்டால் ‘பாத்துட்டேன் சார்’ என்பாள், அந்த ஒரு வரியைக் கேட்பதைவிடச் செத்துப்போகலாம். மனசு அவள் போன வழியெல்லாம் பின்னாலேயே ஓடி ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தது. எல்லாக் கதவையும் அவள் தாழ் போட்டுவிட்டுப் போயிருந்தாள். எந்த இடத்தில் தானாக இருந்தால் அவசரப்பட்டிருப்பேன் என்றுகூட அவருக்குத் தெரிந்தது. அந்த இடத்திலும் அவள் அவசரப்படவில்லை. நல்ல வேலை. நினைப்பு அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டது. திரும்ப வாங்கிக்கொள்ள முடியவில்லை. குப்பியை எடுத்து, பஞ்சு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, மேஜையில் வைத்தார்.

“எப்ப அனுப்பறீங்க?”

“இந்த வாரத்துல சார்.”

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. அம்பலவாணன் முதுகை நிமிர்த்தினார். தள்ளாடி பற்றி எந்தக் கட்டுரை வந்தாலும் ஆசிரியர் வரிசையின் கடைசியில் அவர் பேர் இருக்கும். அது இல்லாமல் போனால் என்ன நடந்தது என்று நாலு தேசத்தில் விசாரிப்பார்கள். விசாரிக்கட்டும். “கட்டுரையில என் பேரைப் போடாதீங்க” என்றார். ஒவ்வொரு சொல்லாக, வாசற்படியில் செருப்பை உதறுகிற மாதிரி சொன்னார்.

“போடலை சார்” என்றாள் உலகம்மாள்.

கிண்டல் இல்லை. இருக்கிறதா என்று தேடினார். இல்லை. உண்மையைச் சொல்கிறவளின் முகம், கேட்டதற்கு விடை. அவள் கொஞ்சம் தயங்கி, “கடைசியில நன்றி சொல்ற இடத்துல போட்டிருக்கேன். முதல் ஈ நீங்க குடுத்ததுன்னு. அதுவும் வேண்டாம்னா எடுத்துடறேன் சார்” என்றாள்.

எடுத்துவிடு. எடுத்துவிடு என்று சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு வெளியே நடக்க வேண்டும், நடை தள்ளாடாமல் இருக்க வேண்டும். வாயைத் திறந்தார். அவருக்கு இரண்டு இனிஷியல். ஊர்ப்பேர் முதலில், அப்பா பேர் பின்னால். எத்தனையோ பேர் மாற்றிப் போட்டிருக்கிறார்கள், பல்கலைக்கழகமே அனுப்பின அழைப்பிதழில் மாற்றிப் போட்டிருக்கிறது.

“இனிஷியல் எப்படிப் போட்டிருக்க?”

“வி.கே. சார்.”

பாவி, அதையும் சரியாகத்தான் போட்டிருந்தாள்.